கருந்துளையின் நெடுங்கால நடத்தையைக் கணினியில் வரைந்து பார்க்கும் முறை

கருந்துளையைச் சற்றே கலைத்துவிட்டு நெடுங்காலம் காத்திருந்தால், அந்தக் கலைப்பின் சுவடு அடியோடு தேய்ந்துவிடும் என்கிறது வழக்கமான ஈர்ப்புக் கணக்கு. ஆனால் குவாண்டம் கணக்கில் கருந்துளையின் ஆற்றல் மட்டங்கள் தனித்தனியானவை என்றால் அப்படித் தேய இயலாது என்பதை 2001-இல் இயற்பியலாளர் மால்டசீனா எடுத்துக்காட்டினார். இம்முரணுக்குச் சமவாய்ப்பு அணிகள் (உறுப்புகள் தற்செயலாக நிரப்பப்பட்ட அணிகள்) காட்டும் வழியைப் பைத்தான் நிரல்மொழி உள்ள எந்த மடிக்கணினியிலும் வரைந்து பார்க்கலாம்.

முதலில் 100 நிரையும் 100 நிரலும் கொண்ட அணியை, ஒவ்வோர் உறுப்பின் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சராசரி 0, திட்டவிலக்கம் 1 உடைய இயல்நிலைப் பரவலிலிருந்து வருமாறு நிரப்புங்கள். அதனுடன் அதன் ஹெர்மிட்டியன் இணையை (நிரை, நிரல்களை இடம்மாற்றி, கற்பனைப் பகுதிகளின் குறியையும் மாற்றிய அணியை) கூட்டி 2-ஆலும், பின்னர் 10-ஆலும் வகுத்தால், ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ −2 முதல் 2 வரை அரைவட்ட வடிவில் பரவும். அவற்றையே ஆற்றல் மட்டங்களாகக் கொண்டு, ஒவ்வொரு மட்டத்துக்கும் ஆற்றலைக் காலத்தால் பெருக்கிய கோணத்தில் ஓரலகு நீளச் சிக்கலெண்ணை எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையின் மட்டு வர்க்கத்தைக் காணுங்கள். கலைப்பின் சுவடு காலப்போக்கில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு எளிய மாற்று அளவு இதுவே; இதைக் காலத்துக்கு எதிராக வரையுங்கள்.

ஓர் அணியை மட்டும் வைத்து வரைந்தால் கோடு கிறுக்கலாகவே இருக்கும். ஆகவே சில நூறு அணிகளுக்குச் சராசரி எடுத்து, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் அமையுங்கள். 10,000-இல் தொடங்கும் கோடு அலைந்தபடி சரிந்து, காலம் 10-ஐ ஒட்டிப் பள்ளம் தொட்டு, பிறகு காலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறி, 200-ஐ ஒட்டி 100 என்ற மதிப்பில் சமதளமாகிவிடும்; அதாவது சுவடு அடியோடு தேய்வதில்லை.

பலர் தவிர்த்துவிடும் அடுத்த படிதான் என் பார்வையில் முக்கியமானது: அதே அரைவட்டப் பரவலிலிருந்து 100 எண்களை ஒன்றுக்கொன்று தொடர்பின்றி எடுத்து அதே கணக்கைச் செய்யுங்கள். சமதளம் வரும், ஏற்றம் வராது. ஏனெனில் ஏற்றத்தை உண்டாக்குவது மட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மை. இயற்பியலாளர்கள் சாத், ஷென்கர், ஸ்டான்போர்ட் ஆகியோர் இந்த ஏற்றத்தை ஈர்ப்பின் பக்கத்தில் ஒரு புழுத்துளை (வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் குறுக்குவழி) வடிவமாக அடையாளம் கண்டதோடு, ஜாக்கிவ்–டைடல்பாய்ம் ஈர்ப்பு என்ற எளிய இருபரிமாண மாதிரியின் கணக்கு ஓர் அணித் தொகையீடாகவே (சமவாய்ப்பு அணிகள் அனைத்தின் மீதான தொகையாகவே) அமைகிறது என்று 2019-இல் காட்டினர்.

இதே கோட்டைச் கருந்துளையைப் போல நடந்துகொள்ளும் குவாண்டம் துகள் மாதிரியான சச்தேவ்–யே–கிட்டாயேவ் மாதிரியிலும் பார்க்க விரும்பினால் 18 மயோரானா துகள்களை (தமக்குத் தாமே எதிர்த்துகளான துகள்களை) எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை 8-ஆல் வகுத்த மீதி 2 அல்லது 6 ஆனால்தான் மேலே அமைத்த வகை அணியின் புள்ளியியல் வரும். கிடைக்கும் 512 மட்டங்களை ஒற்றை, இரட்டைத் துகள் பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவின் 256 மட்டங்களை மட்டும் பயன்படுத்துங்கள். இரு பிரிவிலும் அதே மதிப்புகளே இருப்பதால், சேர்த்துக் கணக்கிட்டால் கோட்டின் உயரம் நான்கு மடங்காகிவிடும்.