எதிர்க்கட்சிக் கோட்டையில் மறுபடி நிற்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது 7-வது தொகுதி. ஜனநாயகக் கட்சியின் காலின் பீட்டர்சன் அங்கிருந்து 1990 முதல் தொடர்ந்து 15 முறை பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தவர். தொகுதியோ வர வரக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. 2016-இல் டிரம்ப் அங்கே சுமார் 31 சதவீதப் புள்ளி முன்னிலை பெற்றார். அப்போதும் பீட்டர்சன் கரையேறிவிட்டார். 2020-இல் 13 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தோற்றார். மாற்றுக் கட்சிக்குச் சாதகமான தொகுதியில் நிற்கிற யாரும் இந்தக் கதையை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பெரிய தவறு, ஜெயித்தாகிவிட்டது என்று கணக்கை மூடிவைப்பது. 2012-இல் அவர் வாங்கியது சுமார் 60 சதவீதம். 2014-இல் 54. அடுத்த இரண்டு தேர்தல்களிலும் 52-ஐ ஒட்டியே நின்றது. அந்த இரண்டிலும் எதிரே நின்றவர் ஒரே ஆள், டேவ் ஹியூஸ். தேர்தலில் ஜெயித்து எந்தப் பதவியும் வகிக்காதவர், செலவழிக்கப் பணமும் அதிகம் இல்லாதவர். 2018-இல் நாடு முழுக்க ஜனநாயகக் கட்சிக்கு அலை அடித்து சபையே கைமாறியது. இங்கே மட்டும் ஓட்டு ஏறவில்லை. அபாய மணி அப்போதே அடித்துவிட்டது. முன்பு மாநில செனட்டுக்குத் தலைமை வகித்த மிஷல் ஃபிஷ்பாக் 2020-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக வந்ததும் விஷயம் முடிந்தது.

அடுத்தது, எதிரணியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டால் அவர்கள் ஆட்கள் நம்மைக் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை பீட்டர்சன் எதிர்த்தார். 2019 டிசம்பரில் டிரம்ப் மீதான இரண்டு பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளையும் எதிர்த்து ஓட்டளித்தார். சரி, பலன்? டிரம்ப்பை விரும்பியவர்களுக்கு முழுக்க அவர் பக்கம் நிற்கும் வேட்பாளரே கிடைத்துவிட்டார். பாதி ஆதரவு எதற்கு? சொந்தக் கட்சிக்காரர்களின் மனத்தாங்கல்தான் மிச்சம்.

பதவியின் கனத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. தோற்றபோது அவர் சபையின் வேளாண் குழுத் தலைவராக இருந்தார். சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் சர்க்கரைக்காக பீட் கிழங்கு பயிரிடும் விவசாயிகளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. இறக்குமதிச் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு இருந்தால்தான் அவர்களுக்கு விலை நிற்கும். இருந்தும் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கவே தொகுதி முடிவெடுத்தது. அதற்காகத் தொகுதி வேலையே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. தானே சிறு விமானம் ஓட்டி ஊர் ஊராகப் போய்வந்த மனிதர் அவர். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இத்தனை வருடம் தாங்கியிருக்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், கட்சிகள் செய்யும் ஒரு தவறு: ஒருவர் ஜெயிக்கிறாரே என்று தொகுதியையே அவர் தலையில் கட்டிவிடுவது. அந்தச் செல்வாக்கு அவருடையது, கட்சியுடையது அல்ல. அவர் போனால் கூடவே போய்விடும். 2024-இல் ஃபிஷ்பாக் அங்கே வாங்கிய ஓட்டு ஏறக்குறைய 70 சதவீதம்.