மூட்டைப்பூச்சியைக் கண்டால் மறைக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் எடுத்த முதல் தொடர்மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்றாவது கிழமை, அம்மாவின் முழங்கைக்குக் கீழே மூன்று சிவந்த தடிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். நுளம்பு என்று நினைத்தோம். அது பெப்ரவரி மாதம், யன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. அந்தக் குளிரில் நுளம்பு எங்கிருந்து வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிழமை மெத்தையை நிமிர்த்திப் பார்த்தபோது தையல் ஓரம் முழுக்கப் பேனை மையால் குத்திவிட்டதுபோல் கறுத்தப் புள்ளிகள். அதில் ஒரு புள்ளி நகர்ந்தது.

"ஒருதருக்கும் சொல்லிப்போடாதை" என்றா அம்மா. நாங்களும் இரண்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடையில் ஸ்பிரே வாங்கி, இரவில் கதவைப் பூட்டிவிட்டு அடித்தோம். பூச்சிகள் சாகவில்லை, சுவர் இடுக்குகளுக்குள் சிதறி ஓடின. கட்டிடக்காரர் பிறகு ஆள் அனுப்பிச் சோதித்தபோது, பக்கத்து வீட்டிலும் இருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் கன்னத்தில் இருந்த தடிப்புகளைப் பார்த்த நாளிலிருந்து, புதிதாக வரும் யாரைக் கண்டாலும் இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இங்கே எழுதுவது ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு. நகராட்சி விதிகள் என்று சொல்வது ரொறன்ரோவுக்கு மட்டும்.

முதலில் வெட்கத்தை விடுங்கள். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. விமானத்தில் வந்த பெட்டியில் வரும், யாரோ தந்த சோபாவில் வரும், சுவருக்குள் ஓடும் வயர் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து வரும். கரப்பானும் சுண்டெலியும் தண்ணீர்க் குழாய் போகும் ஓட்டைகளால் மாடிக்கு மாடி ஏறும். உங்கள் வீட்டை எவ்வளவு பளிச்சென்று வைத்திருந்தாலும், கட்டிடத்தில் இருந்தால் உங்களிடமும் வரலாம். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாகத் தெரியவில்லை. ஆனால் கடியும் சொறியும் தூக்கமில்லாத இரவுகளும் ஒரு குடும்பத்தைச் சோர வைத்துவிடும்.

செலவு யாருடையது?

வீட்டுக்காரருடையது. இதைத்தான் நம்மவர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டை ஆட்கள் குடியிருக்கத் தகுந்த நிலையிலும் சுகாதார, பராமரிப்பு விதிகளுக்கு ஏற்பவும் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது. பூச்சி இருப்பது தெரிந்துதானே குடிவந்தீர்கள் என்று அவர் தட்டிக்கழிக்கவும் முடியாது. தெரிந்து வந்திருந்தாலும் கடமை கடமைதான் என்று அதே பிரிவில் இருக்கிறது. "பூச்சிக்கு மருந்து அடிக்கும் செலவு வாடகைக்கு இருப்பவருடையது" என்று லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், ஒரு வரி எழுதி, நீங்கள் கையெழுத்தும் வைத்திருக்கலாம். பயப்பட வேண்டாம். சட்டத்துக்கு முரணான வரி செல்லாது.

"நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள், நீங்களே கட்டுங்கள்" என்று சில வீட்டுக்காரர் சொல்வார்கள். உங்கள் கவனயீனத்தால்தான் வந்தது என்றால் அதைக் காட்ட வேண்டியவர் அவர். அந்தக் கதை முடியும்வரை மருந்து அடிக்காமல் இழுத்தடிக்க அவருக்கு இடமில்லை.

உங்கள் பங்கும் உண்டு. வீட்டைச் சாதாரணச் சுத்தத்துடன் வைத்திருப்பது 33ஆம் பிரிவின்படி உங்கள் பொறுப்பு. குப்பையை நாள்கணக்கில் வைத்திருப்பது, இரவில் சோற்றுப்பானையைக் கழுவாமல் விடுவது, 20 கிலோ அரிசிப் பையை வாய் திறந்தபடி பேஸ்மென்ற் மூலையில் வைப்பது எல்லாம் கரப்பானுக்கும் எலிக்கும் விருந்து. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள வாளிகளில் கொட்டி வையுங்கள். சுண்டெலி பென்சில் மொத்தமுள்ள ஓட்டைக்குள்ளும் நுழையும், பொலித்தீன் பையைக் கடிப்பது அதற்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைத்துத் தர வேண்டியவர் வீட்டுக்காரர்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, அவருடனோ அவருடைய மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோருடனோ குசினியையோ குளியலறையையோ நீங்கள் பகிர வேண்டிய ஏற்பாடு என்றால், இந்த வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. படிக்க வரும் பிள்ளைகள் பலர் எடுப்பது இப்படியான அறைகளைத்தான். அவர்களுக்கும் வழி இருக்கிறது. வீட்டைப் பராமரிக்கும் நகராட்சி விதி அந்த வீட்டுக்கும் உண்டு, நகராட்சியின் 311 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் சபைக்குப் போகும் வழி மட்டும் இல்லை.

எழுதிக் கொடுங்கள்

படியில் சூப்பரை, அதாவது கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரை, கண்டு "வீட்டில் பூச்சி" என்று சொன்னால் அது காற்றோடு போய்விடும். நாங்களும் முதலில் வாயால்தான் சொன்னோம். பின்னர் கட்டிட அலுவலகத்தில் கேட்டபோது, அப்படி ஒரு முறைப்பாடே பதிவில் இல்லை என்றார்கள். இமெயில் அனுப்புங்கள், அல்லது டெக்ஸ்ட் பண்ணுங்கள். கடிதமாகக் கொடுத்தால் கொடுக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. எந்த அறையில், எந்தத் தேதியில், என்ன கண்டீர்கள், மருந்து அடிக்க ஆள் அனுப்புங்கள், இவ்வளவும் இருந்தால் போதும். பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பூச்சியை வெளிப்படையான செலோரேப்பில் ஒட்டி, திகதி போட்டு வைத்திருங்கள். கடித்த தடிப்பைவிட அந்த ரேப் துண்டுதான் பெரிய சாட்சி. தடிப்பைப் பார்த்து எந்தப் பூச்சி கடித்தது என்று வைத்தியரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

ரொறன்ரோவில் மூன்று மாடியோ அதற்கு மேலோ, பத்து வீடோ அதற்கு மேலோ உள்ள வாடகைக் கட்டிடங்களுக்கு 2017 ஜூலையிலிருந்து ரென்ற்சேஃப் ரிஓ என்று ஒரு நகராட்சித் திட்டம் இருக்கிறது. அதன்படி, பூச்சி என்று முறைப்பாடு வந்தால் 72 மணி நேரத்துக்குள் கட்டிடக்காரர் வந்து சோதிக்க வேண்டும். பொது இடங்களை 30 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மருந்து அடிப்பவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் முறைப்பாடு பதிவாக வேண்டும். ஆகவே எழுதிக் கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள், அந்த 72 மணி நேரம் அதிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

மருந்து அடிக்க வரும் நாள்

வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வர முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காரணமும் நேரமும் சொல்லி, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் வரலாம். அப்படி முறையாக அறிவித்து வந்தால் நீங்கள் மறிக்கக் கூடாது. "அன்றைக்கு வீட்டில் விரதம், வர வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால், அது உங்கள் முறைப்பாட்டைப் பலவீனமாக்கிவிடும்.

ஆயத்தம்தான் பெரிய வேலை, அது உங்களுடையது. வருவதற்கு முன் ஒரு தாள் தருவார்கள். அதை ஒரு வரி விடாமல் வாசியுங்கள், விளங்காவிட்டால் யாரையாவது கேளுங்கள். மூட்டைப்பூச்சி என்றால் உடுப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ட்ரையரில் கடும் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் போட வேண்டும். பூச்சியையும் முட்டையையும் கொல்வது அந்தச் சூடுதான். தோய்ப்பது மட்டும் போதாது. பிறகு புதிய பையில் போட்டு வாயை இறுகக் கட்டி வையுங்கள். கூறைச் சேலையை ட்ரையரில் போட மனம் வராது, போடவும் வேண்டாம். அப்படியானவற்றைத் தனியே பையில் கட்டி, என்ன செய்யலாம் என்று வருபவரிடம் கேளுங்கள். கட்டிலையும் அலுமாரியையும் சுவரிலிருந்து இழுத்து வைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ மீன்தொட்டியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும்.

ஒருமுறை அடித்தால் முடியாது. முட்டைகள் தப்பிவிடும். அவை பொரித்து வரும் குஞ்சுகளுக்காக ஏறக்குறைய இரண்டு கிழமை கழித்து மறுபடி வருவார்கள். "இப்போது கடிக்கவில்லை" என்று அந்த இரண்டாவது முறையை விட்டுவிடுபவர்கள் வீட்டில்தான் திரும்பவும் முளைக்கும்.

கரப்பானுக்குப் பெரும்பாலும் ஜெல் வைப்பார்கள். அலுமாரிப் பிணைச்சலிலும் சிங்கின் அடியிலும் மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பொட்டாக இருக்கும். அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். ஸ்பிரே மணத்துக்குக் கரப்பான் ஜெல்லை அண்டாது, வைத்த மருந்து வீண்.

வயதானவர்கள், நாரிப்பிடிப்பால் குனிய முடியாதவர்கள் இந்த ஆயத்தத்தைத் தனியாகச் செய்ய முடியாது. அதையும் எழுத்தில் சொல்லி உதவி கேளுங்கள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின்படி உடல் இயலாமைக்கு ஏற்ப நடந்துகொள்வது வீட்டுக்காரரின் கடமை. சொல்லாமல் விட்டு, வந்தவர் "ஆயத்தமில்லை" என்று எழுதிவிட்டுப் போனால், அது உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

தமிழ்க் கடையில் வாங்கிய பூச்சி கொல்லும் சோக்கு (வெண்கட்டி), ஊரிலிருந்து வந்தவர் கொண்டுவந்த பொடி, இவற்றை நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் பயன்படுத்தாதீர்கள். கனடாவில் விற்கும் பூச்சிமருந்துக்கு மத்திய சுகாதாரத் திணைக்களத்தின் பதிவு இலக்கம் போத்தலிலேயே இருக்கும். அது இல்லாத மருந்து சட்டவிரோதம். சோக்குத் துண்டைத் தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

வீட்டுக்காரர் அசையவில்லை என்றால்

வாடகையை நிறுத்தாதீர்கள். கோபம் வரும், அது நியாயமான கோபம். ஆனால் வாடகை ஒரு நாள் பிந்தினாலே அவர் என்4 என்ற அறிவித்தலைத் தரலாம். அதில் ஒரு தவணை குறித்திருக்கும், அதற்குள் கட்டாவிட்டால் உங்களை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லி அவர் சபையிடம் விண்ணப்பிக்கலாம். பூச்சிக்கு வழக்கு வைக்க வேண்டியவர் நீங்கள், வாடகைப் பாக்கிக்குப் பதில் சொல்பவராகிவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக 311ஐ அழையுங்கள். தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நகராட்சி அதிகாரி வந்து பார்த்து வீட்டுக்காரருக்குக் கட்டளை கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வீட்டுக்காரர்–வாடகையாளர் சபையில் ரி6 என்ற படிவத்தைப் போடலாம். பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணம் உண்டு, வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும், மருந்து அடிக்கவும், எறிய நேர்ந்த மெத்தைக்கு ஈடு தரவும் சபை உத்தரவிடலாம். விசாரணைத் திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். நீங்கள் சேர்த்து வைத்த இமெயிலும் படமும் ரேப் துண்டும் அன்றைக்குத்தான் உதவும். வாடகையாளர் காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம், பெரும்பாலான காப்புறுதிகளில் பூச்சிச் சேதம் சேராது.

முறைப்பாடு செய்தால் எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அகதிக் கோரிக்கை முடியாதவர்களுக்கு இன்னும் கூட. நகராட்சியிடம் முறையிட்டதற்குப் பழிவாங்கத்தான் எழுப்பப் பார்க்கிறார் என்று சபை கண்டால், அந்த விண்ணப்பத்தை மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடிவரவு நிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இலவச ஆலோசனைக்கு ஸ்காபரோவில் சமூகச் சட்ட உதவி நிலையம் இருக்கிறது, தெற்காசியச் சட்ட உதவி நிலையமும் இருக்கிறது.

நம்மவர்களில் பேஸ்மென்றை வாடகைக்கு விடுபவர்களும் இதை வாசிப்பீர்கள். வாடகைக்கு இருப்பவர் "பூச்சி" என்று டெக்ஸ்ட் பண்ணினால் கோபிக்காதீர்கள். அவர் நேரத்துக்குச் சொன்னதால்தான் மேல்மாடியில் உங்கள் பிள்ளைகளின் கட்டில் தப்பியது. கீழ்வீட்டில் மட்டும் அடித்துவிட்டு மேலே பார்க்காமல் விட்டால், இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே செலவு.

கடைசியாக, வீடு பார்க்கப் போகும்போது. தெருவோரத்தில் வைத்த சோபாவையும் மெத்தையையும் எடுக்காதீர்கள், புதிதாக வந்த காலத்தில் அந்த ஆசை வரும். லொபியில் இருக்கும் அறிவித்தல் பலகையில் மருந்து அடிக்கும் திகதிகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் போனதும் கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சிங்கின் அடியிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்திலும் அடியுங்கள். மோட்டர் சூட்டுக்குக் கரப்பான் அங்கேதான் கூடும், மிளகுத்தூள் கொட்டியதுபோல் எச்சம் கிடக்கும். படுக்கையறையில் சுவரும் தரையும் சேரும் விளிம்பையும் பிளக் பொயின்ரைச் சுற்றியும் பாருங்கள். கூட்டிக்கொண்டு போகும் ஏஜென்ற் அவசரப்படுத்தினாலும், ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டே லீஸில் கையெழுத்து வையுங்கள்.