ஃபோட்டான்களை எண்ணி மூலக்கூறின் நிறமாலை வரைவது எப்படி?

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. குவாண்டம் ஒளியியல் என்றதும் பெரிய ஆய்வகத்தை நினைத்துத் தயங்க வேண்டாம், தொடங்க மடிக்கணினி போதும்.

மூலக்கூறில் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் 0, 1, 2 என்று படிப்படியாகத்தான் ஏறும். ஒளிப்பாதை ஒன்றில் ஃபோட்டான்களும் அப்படியே. இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றுதான். அதனால் ஓர் அதிர்வுக்கு ஓர் ஒளிப்பாதையை ஒதுக்கி, நிறமாலையைப் பெறலாம் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஃபார்மிக் அமிலத்தையே நாமும் எடுப்போம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதுதான்.

படி 1: பைத்தான் 3.9-க்குத் தனிச் சூழல் அமைத்து, ஸனாடு நிறுவனத்தின் இலவச நூலகமான ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸை நிறுவுங்கள். மழைக்காலத்தில் இங்கே நெட் போய்ப் போய் வரும், முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

படி 2: ஃபார்மிக் அமிலத் தரவு அதிலேயே இருக்கிறது. மொத்தம் 9 அதிர்வுகளில் ஒரே தளத்தில் நடக்கும் 7 மட்டும் நமக்குப் போதும்.

படி 3: இதை அவசரப்படாமல் படியுங்கள், விஷயமே இங்கேதான். எலக்ட்ரான் ஒன்று பறிபோனதும் மூலக்கூறில் மூன்று மாற்றங்கள். அணுக்கள் நிற்கும் இடம் நகர்கிறது: ஒளியில் அது இடப்பெயர்ச்சி, லேசர் ஒளியைச் சேர்ப்பது. அதிர்வெண் மாறுகிறது: அது ஒளியை இறுக்குவது, அதாவது ஒளியலையின் ஒரு பக்கத் தடுமாற்றத்தைக் குறைத்து மறுபக்கம் கூட்டுவது. பழைய அதிர்வுகள் கலந்து புதியவை பிறக்கின்றன: அது ஒளிப்பிரிப்பான்களின் வலை, பாதைகளின் ஒளியைப் பிரித்துக் கலக்கும் கண்ணாடிகள். இந்த மாற்றத்தை நூலகமே கணக்கிட்டுத் தரும்.

படி 4: வெப்பநிலையை 0 கெல்வின் என்று கொடுத்து மாதிரிகள் எடுங்கள். ஒரு மாதிரி என்றால், ஒவ்வொரு பாதையிலும் எத்தனை ஃபோட்டான் என்று ஒருமுறை எண்ணுவது. ஒவ்வொன்றிலும் 14 எண்கள் வரும். முதல் 7 இறுதிநிலை அதிர்வுகள். அடுத்த 7 தொடக்கநிலை, இப்போது எல்லாம் 0.

படி 5: மூன்றாம் இடத்தில் 2, ஐந்தாம் இடத்தில் 1 என்று வந்தால், புதிய அதிர்வெண்களில் மூன்றாவதை இருமுறையும் ஐந்தாவதை ஒருமுறையும் கூட்டுங்கள். அதுதான் ஆற்றல். எந்த ஆற்றல் எத்தனை முறை வந்தது என்று வரைந்தால் நிறமாலை தயார்.

நம் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தைலத்தில் மணக்கும் சினியோலுக்கு 29 அணுக்கள், 81 அதிர்வுகள். அதை இப்போதே தொட வேண்டாம். முதலில் ஃபார்மிக் அமிலத்துக்கே வெப்பநிலையை 500 கெல்வினாக ஏற்றுங்கள். இப்போது தொடக்கநிலை எண்களும் 0-ஐத் தாண்டும், அவற்றின் ஆற்றலைப் பழைய அதிர்வெண்களால் கணக்கிட்டுக் கழியுங்கள். நேரமாகும், ஆனால் 0-க்கு இடப்புறமும் கோடுகள் முளைக்கும்.