புது மர பிட் செட் வாங்கியாச்சா? முதல் ஓட்டை போடுமுன் இதைப் படியுங்கள்

ஹாட்வெயார் கடைகளில் பிட் (டிரில் மெசினில் மாட்டித் துளை போடும் கம்பி) செட் கேட்டால் பொன் நிறத்தில் பளபளக்கும் பெரிய பெட்டியைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். இரும்பு, கொங்கிரீட், மரம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். மர வேலைக்கு அது வேண்டாம். 3 மில்லிமீற்றரிலிருந்து 10 வரை எட்டு பிட் உள்ள தனி மர செட் போதும்.

கலவைப் பெட்டிதான் கையில் இருக்கிறதென்றால் முனையைப் பாருங்கள். மர பிட்டின் நடுவில் ஊசிபோல ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும், இரு ஓரத்திலும் சின்னக் கத்திபோல இரண்டு முனை இருக்கும். இரும்பு பிட்டின் நுனி வெறும் கூம்பு. கொங்கிரீட் பிட்டின் நுனியில் தண்டைவிட அகலமான ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது மரத்தை வெட்டாது, அரைத்துப் புகைய வைக்கும்.

டிரில் மெசினின் வயரைக் கழற்றிவிட்டு பிட்டை மாட்டுங்கள். சாவி போட்டு இறுக்கும் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) என்றால் மூன்று ஓட்டையிலும் சாவியை வைத்து இறுக்க வேண்டும். மெல்லிய பிட் சில நேரம் இரண்டு தாடைக்கு நடுவே ஒரு பக்கமாகச் சிக்கிவிடும். ஒருமுறை வெறுமனே சுழற்றிப் பார்த்தால் நுனி ஆடுவது தெரிந்துவிடும். சுவருக்குப் பாவித்த மெசின் என்றால் சுத்தியல் படத்தில் நிற்கும் சுவிட்சை பிட் படத்துக்கு மாற்றுங்கள்.

துளை வரவேண்டிய இடத்தில் பென்சிலால் கூட்டல் குறி போட்டு, நடுவில் குத்தூசியால் ஒரு குத்து. பிட்டின் ஊசியை அதில் வைத்து மெதுவாகத் தொடங்குங்கள். ஓர முனைகள் வட்டம் கீறிய பிறகு வேகத்தைக் கூட்டலாம். சின்ன பிட்டுக்கு வேகம் கூட, பெரிய பிட்டுக்குக் குறைவு. இடையிடையே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். தூள் அடைத்தால் சூடாகி மரம் கருகும்.

சரி, இனித்தான் என்னை அதிகம் அலைக்கழித்த விசயம். முன்பக்கம் அச்சுப்போட்ட மாதிரி வட்டம் வரும், பலகையைத் திருப்பினால் பின்பக்கம் சிராய் சிராயாகப் பிய்ந்திருக்கும். கடைசி நார்களுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை, பிட் அவற்றை வெட்டுமுன் தள்ளிவிடுகிறது. பிட்டில் பிழை இல்லை. கழிவுப் பலகை ஒன்றைப் பின்னால் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் பிடித்தால் போதாது, நூல் அளவு இடைவெளி இருந்தாலும் பிய்யும். கழிவுப் பலகை வைக்க முடியாத இடமென்றால், ஊசி மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பி அந்தப் புள்ளியிலிருந்து துளையுங்கள். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும். இரும்பு பிட்டில் இந்த வித்தை சரிவராது, ஊசி இல்லையே. பிளைவூட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள். ஓரளவு உதவும், ஆனால் நான் கழிவுப் பலகையைத்தான் நம்புவேன்.

தேக்கும் மகோகனியும் சொன்னபடி கேட்கும். முதிரை, பாலை அப்படியில்லை, கடினமான மரங்கள். அவற்றில் 8 நம்பர் ஸ்குரூ ஆணிக்கு அடிமரத்தில் 3 மில்லிமீற்றர் துளை, மேல் பலகையில் 5. ஆணியில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் தலை முறியாமல் இறங்கும். பழைய வீடு உடைத்த மரமென்றால் முதலில் ஒரு காந்தத்தை மேலால் ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரே ஒரு ஆணி போதும், மர பிட்டின் கூர் போய்விடும்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எங்கள் கல்லடிப் பக்கத்தில் பிட்டைத் துடைக்காமல் போட்டால் துரு ஏறாமல் இருக்காது, மாரி மழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். தையல் மெசின் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடைப்புத் துடைத்து வையுங்கள். அடுத்த முறை பாவிக்குமுன் எண்ணெயைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் கறை படும்.

பிறகு சேர்த்தது: "புது பிட்தான், ஆனா இறங்குதில்ல, புகைதான் வருது" என்று சிலர் கேட்டார்கள். மெசின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். ஸ்குரூ கழற்றிய பிறகு சுவிட்ச் அப்படியே பின்பக்கச் சுழற்சியில் நின்றிருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது பிட் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்.

இன்னொன்று, அலுமாரிக் கதவுக்குக் கிண்ணம் வைத்த பிணைச்சல் பூட்ட இந்த செட் உதவாது. அதற்கு 35 மில்லிமீற்றர் போர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையான அகலத் துளை போடுவது) தனியாக வாங்க வேண்டும். கிண்ணத்துக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் ஆழம் காணும், ஆனால் பிட்டின் நடு ஊசி அதைவிடக் கீழே போகும். கதவு 16 மில்லிமீற்றர் பலகையென்றால் முதலில் கழிவுத் துண்டில் ஒன்று போட்டு, ஊசி மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஊசியை அரத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.