11 'பிறகு'வை தூக்கினதும் கட்டுரை சரியாச்சு

நாலு நாள் இழுத்தடிச்ச கட்டுரை ஒரு வழியா முடிஞ்சுது, அப்பாடா. ஹெமிங்வேயோட 1952 நாவல் 'கிழவனும் கடலும்', அதுல என்ன வகை மோதல்னு எழுதணும். ரெண்டு தடவையும் டீச்சர் "இது கதைச்சுருக்கம்மா"ன்னு சிவப்பு பேனால எழுதி திருப்பிட்டாங்க.

மொதல்ல மனுசன்-மனுசன், மனுசன்-இயற்கை, மனுசன்-சமுதாயம், தனக்குள்ளன்னு நாலு தலைப்பு போட்டு ரொப்பினேன், வேலைக்காகல. இயற்கை மட்டும் வச்சேன், அதுவும் மீன் பிடிச்ச கதையாவே வந்துச்சு.

பினாங்கு-பட்டர்வொர்த் ஃபெரில உக்காந்து பிரிண்ட்ட பார்த்தா ஒரே பக்கத்துல 11 'பிறகு'! எல்லாத்தையும் அடிச்சிட்டு அந்த இடத்துல 'ஆனா', இல்ல 'அதனால' போட்டுப் பார்த்தேன், எது ஒட்டலையோ அது வெறும் கதை, தூக்கிட்டேன். மிஞ்சினது இதான்: 84 நாள் மீனே கிடைக்காத கிழவன் கடைசில பெரிய மீனை ஜெயிச்சிடறான், ஆனா சுறா வந்து தின்னுடுது, அதனால கரைய விட்டு ரொம்ப தூரம் போனது தன் தப்புன்னு தன்னையே சொல்லிக்கிறான். கடலோட நடந்த மோதல் அவனுக்குள்ள திரும்புற இடம் அது, அந்த மீனையே சகோதரன்னு நினைக்கிறதும் அங்கதான் போய் ஒட்டுது.

இந்த தடவை ரெண்டு எழுத்துப்பிழைக்கு மட்டும்தான் வட்டம்.