கரண்ட் போனாலும் யூ-பூட் அமைப்புகள் அழியாமல் இருக்க: என் அனுபவம்

மேலூர் பக்கம் கிணற்று மோட்டார்களைக் கண்காணிக்கும் எங்கள் போர்டுகளில், கரண்ட் போய் வந்தால் ஏதாவது ஒன்று பூட் ஆகாமல் நின்றுவிடும். சீரியல் கேபிளைச் செருகினால் ‘பேட் சிஆர்சி’ எச்சரிக்கை: சேமித்த தரவின் சரிபார்ப்பு எண் (சிஆர்சி) பொருந்தவில்லை என்று அர்த்தம். லினக்ஸை ஏற்றும் சிறு புரோகிராமான யூ-பூட், டீஃபால்ட் அமைப்புகளுக்குப் போயிருக்கும்.

இந்த அமைப்புகள் இருப்பது நார் ஃபிளாஷில், அதாவது கரண்ட் இல்லாமலும் தரவைக் காக்கும் மெமரி சிப்பில். அதில் மாற்றி எழுத, முதலில் செக்டார் எனும் முழுத் தொகுதியையே அழிக்க வேண்டும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஃபிளாஷில் இருந்ததை அப்படியே டம்ப் எடுத்துப் பார்த்தேன்: 64 கேபி முழுக்க எஃப்எஃப், அதாவது அழித்த வெற்றிடம்.

யூ-பூட்டிலேயே இரட்டைப் பிரதி வசதி உண்டு. இரண்டையும் தனித்தனி செக்டாரில், செக்டார் தொடங்கும் முகவரியிலேயே வைத்தேன். புதியது முழுசாக எழுதப்படும்வரை நல்ல பிரதியில் கை வைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஹெட்டர், அதாவது ஒவ்வொரு பிரதியின் தொடக்கத்தில் உள்ள தகவல். 4 பைட் சிஆர்சியோடு, எந்தப் பிரதி புதியது என்று காட்டும் 1 பைட் கொடி கூடுவதால் பழைய ஒற்றைப் பிரதி செல்லாது. மதிப்புகளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலிருந்து இந்த அமைப்புகளை மாற்றும் கருவியின் கான்ஃபிக் ஃபைலிலும் இரண்டு பிரதிக்கும் இரண்டு வரி கட்டாயம். ஒரு வரி மட்டும் இருந்தால் அந்தக் கருவி கொடி இல்லாமல் எழுதும், யூ-பூட் அதை ஏற்காது. பலர் சறுக்குவது இங்கேதான்.

சேவ் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பழைய அமைப்போடு போர்டு நேராக எழுந்தது.