ரெயின்கோட் ஒழுகுதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடியும் தைக்கக் குடுக்குறதுக்கு முன்னாடியும் நாம பண்ற தப்புங்க

ஐப்பசி பொறந்து மொத மழை விழுந்த அன்னைக்குத்தான் நம்ம எல்லாருக்கும் ரெயின்கோட் ஞாபகமே வரும். பைக் சீட்டுக்கு அடியில போன வருஷம் சுருட்டி வச்சது அப்படியே கிடக்கும், எடுத்து உதறினா ஒரு நாத்தம், உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டும், போட்டுக்கிட்டு பத்து கிலோமீட்டர் போனா கரெக்டா உக்கார்ற எடத்துல மட்டும் ஜில்லுன்னு இருக்கும். ஆபீஸ்ல அன்னைக்கு முழுக்க நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியாது. அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, எங்க ஒழுகுதுன்னு பாக்காமலே ஒரு முடிவுக்கு வந்துடுறது. ரெயின்கோட்டோட பேன்ட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, பை மாதிரி தூக்கிப் பிடிச்சு, கால் கவட்டைக்கிட்ட ஒரு மக் தண்ணி ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. தையல் ஓரமா சொட்டுச்சுன்னா சீம் டேப், அதாவது தையல் ஓட்டைய மூட உள்பக்கம் ஒட்டியிருக்க டேப், போயிருச்சு, அத சரி பண்ணிடலாம். தையலே இல்லாத எடத்துல துணி முழுக்க வேர்த்த மாதிரி கசிஞ்சா துணி மேல பூசியிருக்க தண்ணி விடாத கோட்டிங் செத்துப்போச்சு, அதுக்கு மேல ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. இந்த டெஸ்ட்டு ஒண்ணுதான், ஆனா முக்கால்வாசி பேர் இதப் பண்றதே இல்ல.

இன்னொண்ணு, ஒழுகாத கோட்டையே ஒழுகுதுன்னு நெனச்சு தூக்கிப் போடுறாங்க. நம்ம ஊரு புழுக்கத்துல பிவிசி பிளாஸ்டிக் கோட்டுக்குள்ள காத்தே போகாது, வேர்வை வெளிய போக வழியில்லாம உள்பக்கமே தண்ணியா படியும். முதுகு, கை எல்லாம் ஒரே சீரா ஈரமா இருந்தா அது பெரும்பாலும் வேர்வை. கழுத்து, ஜிப் ஓரம், கவட்டைன்னு திட்டுத் திட்டா நனைஞ்சிருந்தாதான் மழை. வேர்வைக்காக இன்னொரு பிவிசி கோட்டே வாங்குனா அதுவும் இப்படித்தான் இருக்கும்.

சரி, தையல்லதான் ஒழுகுது. இப்ப என்ன பண்ணுவோம், தெருமுனை தையக்காரர்கிட்ட குடுத்து நாலு தையல் போட்டுக் கேப்போம். நானும் அதான் பண்ணேன். அவர் நல்ல மனசோட டபுள் தையல் போட்டுக் குடுத்தாரு, கிழிசல் மூடிருச்சு, ஆனா ஊசி எறங்குன ஒவ்வொரு ஓட்டை வழியாவும் தண்ணி உள்ள வந்துச்சு, முன்னாடி ஒரு எடத்துல ஒழுகுனது இப்ப வரிசையா ஒழுகுச்சு. தைக்கிறது தப்பில்ல, தைச்சிட்டு உள்பக்கம் டேப்போ, தையல் ஓட்டைய அடைக்கிற சீம் சீலர் பசையோ போடாம விடுறதுதான் தப்பு. கிளப் பேட்ஜ், கொடி ஸ்டிக்கர்னு ஆசையா ரெயின் ஜாக்கெட்டு மேல தைச்சு வைக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

சீம் டேப்ப ஆன்லைன்ல ரோலா விக்கிறாங்க. பழைய டேப் உரிஞ்சு தொங்குறத முழுசா எடுத்துட்டு, அந்த எடத்த ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, நல்லா காய விட்டு, புது டேப்ப வச்சு மேல ஒரு காட்டன் துணி போட்டு மிதமான சூட்டுல அயர்ன் பாக்ஸ அழுத்தி எடுக்கணும், இஸ்திரி போடுற மாதிரி இழுக்கக் கூடாது. ஆனா இது நைலான், பாலியஸ்டர் மேல பியு (பாலியூரித்தேன்) கோட்டிங் போட்ட கோட்டுக்குத்தான். பிவிசி மேல அயர்ன் பாக்ஸ வச்சீங்கன்னா கோட்டும் போச்சு அயர்ன் பாக்ஸும் போச்சு, அதுக்கு பிவிசி பசையும் அதே பிவிசில வெட்டுன ஒட்டும்தான் சரி. எதுவா இருந்தாலும் மொதல்ல ஒரு மூலையில வச்சுப் பாத்துட்டு அப்புறம் எறங்குங்க.

பசை விஷயத்துல நம்மாளுங்க பண்ற அநியாயம் தனி. ரெண்டு சொட்டு விட்டா டக்குனு ஒட்டுமே, அந்தப் பசை காஞ்சதும் கண்ணாடி மாதிரி விறைச்சிடும், முட்டி மடங்குற எடத்துல அது தாங்குமா, ரெண்டாவது தடவ உக்காரும்போதே விரிசல் விட்டு கூட ரெண்டு இஞ்ச் கிழிச்சிட்டுப் போகும். காஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி வளையுற பசைதான் வேணும். சிலிகான் சீலன்ட்டும் எல்லாத்துக்கும் ஒத்து வராது, பியு கோட்டிங் மேல அது சரியா பிடிக்காம உரிஞ்சு வந்துடும், அது சிலிகான் கோட்டிங் போட்ட துணிக்குத்தான். ஒட்டு வெட்டும்போது மூலைகள ரவுண்டா வெட்டுங்க, கூர் மூலைலதான் மொதல்ல உரியும்.

கோர்டெக்ஸ் மாதிரி மெம்பரேன், அதாவது தண்ணிய உள்ள விடாம வேர்வை ஆவிய மட்டும் வெளிய விடுற மெல்லிசு படலம், உள்ள காஸ்ட்லி ரைடிங் ஜாக்கெட் வச்சிருக்கவங்க பண்ற தப்பு வேற. புதுசுல மேல விழுந்த தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், கொஞ்ச வருஷத்துல துணி தண்ணிய உறிஞ்சி கனமா, குளிரா தொங்கும், உடனே "வாட்டர்ப்ரூஃப் போயிருச்சு"ம்பாங்க. போனது மேல்துணில இருந்த தண்ணி ஒட்டாத பூச்சுதான், உள்ள மெம்பரேன் நல்லாவே இருக்கலாம். அழுக்கும் சோப்புத்தூள் மிச்சமும்தான் அந்தப் பூச்சுக்கு எதிரி, அதுல நாம வாசனைக்காக கம்ஃபர்ட் லிக்விட் வேற ஊத்துவோம், அது சுத்தமா கூடாது. இதுக்குன்னே விக்கிற லிக்விட்ல துவைச்சு, ரெண்டு மூணு தடவ அலசி, லேபிள்ல போட்டிருக்க சூட்டுல காய வச்சாலே பாதி உயிர் வந்துடும், வரலன்னா மேல அடிக்கிற ஸ்ப்ரே இருக்கு. அந்த ஸ்ப்ரேவ செத்துப்போன பியு கோட்டிங் மேல அடிச்சு காச வீணாக்காதீங்க, உள்ள செதில் செதிலா உதிர்றத எந்த ஸ்ப்ரேவும் ஒட்ட வைக்காது.

கோட்டிங் ஏன் இப்படி சீக்கிரம் சாகுதுன்னா, ஈரமும் சூடும் சேந்தா பியு ரசாயன ரீதியாவே உடைஞ்சு பிசுபிசுக்கும். ஈரத்தோட சுருட்டி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, இன்ஜின் சூடு ஏர்ற சீட்டுக்கு அடியில மே மாசம் முழுக்க வைக்கிறோம்ல, அத விட நல்லா அழிக்கிற வழி கிடையாது. நிழல்ல காய வச்சு ஹேங்கர்ல தொங்க விடுங்க. பிவிசிக்கும் அதான், ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கெடந்தா அந்த மடிப்புலயே வெடிக்கும்.

விழுந்து ரோட்டுல தேஞ்ச ரைடிங் ஜாக்கெட்ட மட்டும் ஒட்டுப் போட்டு சமாளிக்காதீங்க. மழைக்கு வேணா தாங்கும், அடுத்த தடவ விழுந்தா முழங்கைல இருக்குற அந்த ஒட்டு தாங்காது. சைலன்சர் பட்டு உருகுன பேன்ட் கால் அப்படி இல்ல, அது ஒட்டுற கேஸ்தான்.

புதுசு வாங்கும்போது கடைல நின்னுக்கிட்டே போட்டுப் பாத்துட்டு வந்துடாதீங்க. கீழ இருக்க பேன்ட், ஜாக்கெட் மேலயே போட்டு, வெளிய போய் வண்டியில உக்காந்து ஹேண்டில புடிச்சுப் பாருங்க, கவட்டைல இறுக்கினா ஒரு மாசத்துல அந்தத் தையல் விட்டுடும், கணுக்கால் மேல ஏறுனா ஷூ ரொம்பிடும். பைக்குக்கு போஞ்சோ, அதாவது தலை வழியா போட்டுக்குற போர்வை மாதிரி கோட்டு, வேணவே வேணாம், காத்துல பறந்து செயின்லயோ வீல்லயோ மாட்டும். கறுப்பு கலர் அழுக்கு தெரியாதுன்னு வாங்குறது, ராத்திரி மழைல பின்னாடி வர்ற லாரிக்கு நீங்களும் தெரிய மாட்டீங்க.

பழச குப்பைல போடுற முன்னாடி ஜிப் ஸ்லைடரையும், கோட்டிங் இன்னும் நல்லா இருக்க எடமா பாத்து ரெண்டு சாண் துணியையும் வெட்டி எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த கோட்டு கிழியும்போது ஒட்டுக்கு கடை கடையா அலைய வேண்டியதில்ல.